பாக்சர் எஞ்சினுக்குக் காற்றுதான் தண்ணீர்

பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் பின்மூடியைத் திறந்ததும், அம்பாசிடரையும் ஃபியட்டையும் பார்த்துப் பழகிய கண் முதலில் ரேடியேட்டரைத் தேடும். இருக்காது. தண்ணீர் ஹோஸ் கிடையாது, வாட்டர் பம்ப் கிடையாது. பெரிய கறுப்புத் தகரக் கூடு ஒன்று, ஒரு டைனமோ, ஒரே ஒரு பெல்ட், நடுவில் ஒரு கார்புரேட்டர், அவ்வளவுதான் தெரியும். எஞ்சின் அதற்கும் கீழே, இரண்டு பக்கமும் கையை நீட்டிக்கொண்டு படுத்திருக்கிறது.

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் ஐயா காலத்து வண்டியை ஷெட்டிலிருந்து இறக்கி ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். உதாரணத்துக்கு பீட்டிலின் 1600 எஞ்சினையே எடுத்துக்கொள்வோம். துல்லியமாக 1584 சிசி, நாலு சிலிண்டர், காற்றில் குளிர்வது. சிலிண்டர்கள் எதிரெதிரே படுத்திருக்கும் பாக்சர் வகையின் அடிப்படையைக் கற்க இதைவிட எளிய எஞ்சின் கிடைப்பது அரிது.

கும்மி கொட்டும் பிஸ்டன்கள்

இரண்டு உள்ளங்கையையும் நெஞ்சுக்கு நேரே வைத்துத் தட்டிப் பாருங்கள். இரண்டு கையும் ஒன்றாக உள்ளே வரும், ஒன்றாக வெளியே போகும். பாக்சரில் எதிரெதிரே இருக்கும் பிஸ்டன்கள் நகர்வது இப்படித்தான். சண்டை தொடங்கும் முன் குத்துச்சண்டைக்காரர் இரண்டு கிளவுஸையும் மோதிக்கொள்வதைப் போல இருப்பதால் இந்தப் பெயர்.

படுத்த எஞ்சின் எல்லாம் பாக்சர் ஆகிவிடாது. எதிரெதிர் பிஸ்டன்கள் இரண்டும் ஒரே கிராங்க் பின்னை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டிலுள்ள முளையை) பிடித்துக்கொண்டிருந்தால், ஒன்று உள்ளே வரும்போது மற்றது வெளியே போகும். அது 180 டிகிரிக்கு விரித்துப் போட்ட வி எஞ்சின். ஃபெராரி தன் 12 சிலிண்டர் கார் ஒன்றுக்குப் பெயரிலேயே பாக்சர் என்று சேர்த்தது. உள்ளே இருந்ததோ இந்த வி வகை. உண்மையான பாக்சரில் ஒவ்வொரு பிஸ்டனுக்கும் தனிப் பின் உண்டு. இடது பிஸ்டனின் உதறலை வலது பிஸ்டன் அந்தக் கணமே ஈடுகட்டிவிடும். பின்கள் சற்று முன்பின்னாக இருப்பதால் மெல்லிய ஆட்டம் மட்டும் மிஞ்சும். ஐடிலிங்கில் பின்பம்பர் லேசாக நடுங்கினால் கலங்க வேண்டாம்.

கார்ல் பென்ஸ் 1896-ல் தொடங்கி வைத்த அமைப்பு இது. பி.எம்.டபிள்யூ 1923-ல் மோட்டார் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது, சிட்ரோயன் 2சிவி இரண்டு சிலிண்டரில் செய்தது, போர்ஷே 911 ஆறு சிலிண்டரில் செய்தது, சுபாரு 1966-லிருந்து தண்ணீரால் குளிரும் பாக்சரைத் தருகிறது. பீட்டிலின் கடைசி வண்டி மெக்சிகோவில் 2003 ஜூலையில்தான் இறங்கியது. இன்றும் உதிரிபாகம் கிடைப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

காற்று வரும் வழி, போகும் வழி

இந்த எஞ்சினில் தொடக்கக்காரர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் போய் முட்டும்: சூடு. கார்புரேட்டரைக் கழற்றிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் முதலில் வரும். அதைக் கொஞ்சம் ஒத்திவைத்துவிட்டு, காற்று எப்படி ஓடுகிறது என்று முதலில் பாருங்கள்.

பின்கண்ணாடிக்குக் கீழே உள்ள துளைகள் வழியாகக் குளிர்ந்த காற்று எஞ்சின் அறைக்குள் வருகிறது. டைனமோவின் மறுமுனையில் பூட்டியிருக்கும் ஃபேன் அதை இழுத்து, தகரக் கூட்டுக்குள் தள்ளி, சிலிண்டர்களின் செதில்கள் வழியாகக் கீழே அனுப்புகிறது. சுட்ட காற்று வண்டிக்கு அடியில் வெளியேறுகிறது. ஆக, எஞ்சின் அறை மேல்மாடி, அடிப்பக்கம் கீழ்த்தளம் என்று வைத்துக்கொண்டால், எஞ்சினைச் சுற்றியிருக்கும் தகரங்களும் ஓரத்து ரப்பர் பட்டையும்தான் நடுவே உள்ள தளம். தளத்தில் ஓட்டை விழுந்தால் கீழே போன சூடான காற்று மேலே ஏறும், ஃபேன் அதையே திரும்ப விழுங்கும். சித்திரை வெயிலில் சாலையிலிருந்து எழும் அனலோடு இதுவும் சேர்ந்தால் எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆகிவிடும்.

பல வண்டிகளில் யாரோ ஒரு காலத்தில் எஞ்சினை இறக்கி ஏற்றும்போது "இது எதுக்கு, அடைசல்" என்று ஒன்றிரண்டு தகரத்தை விட்டிருப்பார்கள். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. இரவில் எஞ்சின் அறைக்குள் ஒரு டார்ச்சை எரியவிட்டு மூடியைச் சாத்துங்கள். வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் அடைக்க வேண்டிய இடம். பிளக் வயர் தகரத்தைத் துளைத்துப் போகும் இடத்தில் உள்ள ரப்பர் மூடியும் இந்தக் கணக்கில் சேரும்.

நம் பக்கத்துக்கே உரிய இன்னொரு தொல்லை குளவி. வருடக்கணக்கில் நின்ற வண்டியில் தகரக் கூட்டுக்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கும். எலியும் அணிலும் தேங்காய் நார், பஞ்சு, துணி என்று சேர்த்து வைத்திருக்கும். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. எஞ்சின் ஓடும், வண்டி நகரும், செதிலுக்குள் மட்டும் காற்று போகாது. நெடுநாள் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஃபேன் கூட்டைக் கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும். இதில் சமரசமே கிடையாது. செம்மண் தூசு எண்ணெயோடு கலந்து செதில்களுக்கு இடையே செங்கல்லாக இறுகியிருக்கும். மூங்கில் குச்சியும் மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் போதும். இரும்புக் கம்பியால் குத்தாதீர்கள், ஹெட் அலுமினியம்.

சார்ஜ் விளக்கு ஓட்டத்தில் எரிந்தால் "வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று நினைக்கவே கூடாது. டைனமோவைச் சுற்றும் அதே பெல்ட்தான் ஃபேனையும் சுற்றுகிறது. பெல்ட் அறுந்திருந்தால் குளிர்ச்சி அந்த நொடியே நின்றுவிட்டது. ஓரம் கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். ஒரு பெல்ட்டும் 21 மி.மீ. ஸ்பேனரும் வண்டியிலேயே இருக்கட்டும். பெருவிரலால் அழுத்தினால் பெல்ட் ஏறத்தாழ 15 மி.மீ. உள்ளே போக வேண்டும். இறுக்க, டைனமோ புல்லியின் இரண்டு பாதிக்கும் நடுவில் உள்ள வாஷர்களில் ஒன்றை எடுத்து வெளிப்பக்கம் போட வேண்டும். தளர்த்த, வெளியிலிருந்து உள்ளே. எடுத்த வாஷரைத் தூக்கிப் போட்டுவிட்டால் அடுத்த பெல்ட்டுக்கு இருக்காது. அதனால் எல்லா வாஷரும் எப்போதும் அந்தத் தண்டிலேயே இருக்கட்டும்.

சத்தம் போடாத டாப்பட்

"அண்ணே, வண்டி சூப்பரா இருக்கு, டாப்பட் சத்தமே இல்லை" என்று மெக்கானிக் சொன்னால் இந்த எஞ்சினில் அது நல்ல செய்தியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. டாப்பட் என்று இங்கே சொல்வது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளியை. லூஸான டாப்பட் சத்தம் போடும், வேறு பெரிய கெடுதல் செய்யாது. டைட்டான டாப்பட் வாயே திறக்காமல் வால்வைச் சுட்டுத் தின்னும். வால்வு தன் சூட்டை இறக்கி வைப்பது, மூடியிருக்கும்போது சீட்டில் உட்காருகிற அந்தச் சிறு நேரத்தில்தான். இடைவெளி இல்லாவிட்டால் முழுசாக உட்காராது, சூடு இறங்காது, தண்டு நீளும். நீண்டால் இடைவெளி இன்னும் குறையும். கடைசியில் வால்வின் தலை உடைந்து சிலிண்டருக்குள் விழும், பிஸ்டனும் ஹெட்டும் போகும்.

இது முதலில் நடப்பது பெரும்பாலும் 3-ம் சிலிண்டரில். பழைய அமைப்பில் ஆயில் கூலர் ஃபேன் கூட்டுக்குள்ளேயே, அந்தச் சிலிண்டருக்கு மேல் நிற்கிறது. காற்று கூலரைத் தாண்டி, சூடேறித்தான் அங்கே போய்ச் சேரும். 1971 மாடலிலிருந்து கூலரைத் தனிக் கூட்டில் வண்டியின் முன்பக்கமாகத் தள்ளினார்கள். பழைய வண்டிக்கும் இதைப் பொருத்தலாம். ஒரே ஒரு மாற்றம்தான் செய்யப் போகிறீர்கள் என்றால் குரோம் சைலன்சரை விட்டுவிட்டு இதைச் செய்யுங்கள்.

டாப்பட் வைக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். முதல் நாள் மாலையில் நிறுத்தி, மறுநாள் காலையில் செய்வது உத்தமம். கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக், சக்கரத்துக்குக் கல். பாக்சரில் சிலிண்டர் எண்கள் இப்படி: வண்டி போகும் திசையைப் பார்த்து நின்றால் வலப்பக்கம் முன்னால் 1, பின்னால் 2, இடப்பக்கம் முன்னால் 3, பின்னால் 4. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, புல்லியை ஸ்பேனரால் சுற்றுங்கள். உள்ளே சுற்றும் ரோட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் விளிம்பில் உள்ள சிறு கோட்டை நோக்க வேண்டும், பிஸ்டன் உச்சிக்கு வருவதைக் காட்டும் புல்லியின் மேல்புள்ளிக் குறி எஞ்சின் கேஸ் இணையும் கோட்டுக்கு நேரே வர வேண்டும். இப்போது 1-ம் சிலிண்டரின் இரண்டு வால்வும் மூடியிருக்கும்.

அடியில் படுத்து, வால்வு மூடியைப் பிடித்திருக்கும் கம்பி வளையத்தை ஸ்குரூடிரைவரால் கீழே நெம்பினால் மூடி கையில் வரும். கொஞ்சம் எண்ணெய் சொட்டும், தட்டு வையுங்கள். ஒவ்வொரு ஹெட்டிலும் நடுவில் இருக்கும் இரண்டும் இன்லெட், ஓரத்தில் இருப்பவை எக்ஸாஸ்ட். 0.15 மி.மீ. ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை) ராக்கர் ஸ்குரூவுக்கும் வால்வு தண்டுக்கும் நடுவே விடுங்கள். வெண்ணெய் தடவிய கத்தியை இழுப்பது போல லேசான பிடிப்போடு நகர வேண்டும். இல்லையென்றால் 13 மி.மீ. ரிங் ஸ்பேனரால் லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்குரூவைத் திருப்பிச் சரிசெய்து, ஸ்குரூடிரைவரை அசைக்காமல் பிடித்தபடி நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது ஸ்குரூவும் கூடவே கொஞ்சம் திரும்பிவிடும். அதனால் இறுக்கிய பிறகு மறுபடியும் கேஜ் விட்டுப் பார்ப்பதுதான் உண்மையான அளவு.

பிறகு புல்லியைப் பின்னோக்கி, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், சரியாக அரைச் சுற்று. இப்போது 2-ம் சிலிண்டர். இன்னொரு அரைச் சுற்று 3, இன்னொன்று 4. தீப்பொறி வரிசை 1-4-3-2 என்பதால், பின்னோக்கிச் சுற்றினால் எண் வரிசையாகவே வரும். புல்லியில் எதிர்ப்பக்கமும் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள், அரைச் சுற்று கண்ணளவில் தவறாது. சில பழைய எஞ்சின்களுக்கு அளவு வேறு. ஃபேன் கூட்டில் ஸ்டிக்கர் இருந்தால் அதையே கேளுங்கள்.

எட்டு அளவையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், திருத்துவதற்கு முன் இருந்த அளவையும் சேர்த்து. எக்ஸாஸ்ட் ஒன்று மட்டும் ஒவ்வொரு முறையும் 0.05 மி.மீ. போலக் குறைந்துகொண்டே வந்தால் அந்த வால்வு நீள்கிறது. அட்ஜஸ்ட் செய்து ஓட்டுவதை நிறுத்திவிட்டு ஹெட்டைக் கழற்றும் நேரம் அது.

எண்ணெய்

காற்றுக்கு அடுத்தபடி இந்த எஞ்சினைக் குளிர்விப்பது எண்ணெய். மொத்தமே இரண்டரை லிட்டர், ஃபில்டர் கிடையாது, அடியில் ஒரு கம்பி வலை மட்டும். எனவே 5000 கி.மீ. அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றிவிட வேண்டும். நம் வெயிலுக்கு 20டபிள்யூ-50 மினரல் ஆயில் சரியாக இருக்கும். வலைத் தட்டைப் பிடிக்கும் ஆறு சிறு நட்டுகளை 7 நியூட்டன் மீட்டருக்கு மேல் இறுக்கக் கூடாது. விரலால் இறுக்கியதற்குக் கொஞ்சம் மேல், அவ்வளவே. எண்ணெய் கசிகிறதே என்று கைப்பலத்தைக் காட்டினால் தட்டு வளையும், ஸ்டட் கேஸிலிருந்து பிய்ந்து வரும். கேஸ் மெக்னீசியம் கலவை. இரும்பை இறுக்கிப் பழகிய கைக்கு அது வெல்லக்கட்டி. இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்தப் பொழுதுபோக்கில் இறங்காதீர்கள். ஹெட் நட்டுகளும் அப்படித்தான்: 10 மி.மீ. ஸ்டட்டுக்கு 32 நியூட்டன் மீட்டர், 8 மி.மீ. ஸ்டட்டுக்கு 25.

அம்பாசிடர் பார்க்கிற பட்டறைகளில் இன்ச் ஸ்பேனர் புழக்கம் அதிகம். இந்த வண்டி முழுக்க மெட்ரிக். "ஏறக்குறைய உட்காருது" என்று இன்ச் ஸ்பேனரைப் போட்டால் நட்டின் மூலை மழுங்கும். உங்கள் செட்டை நீங்களே கொண்டு போங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டு ஹெட்டின் கீழிருந்தும் கேஸுக்குப் போகும் புஷ்ராட் குழாய்களின் முனை ரப்பரில் ஈரம் தெரிவது சகஜம். சொட்டுவது சகஜமல்ல. படுத்த சிலிண்டரில் எண்ணெய் கீழ்ச்சுவரில் தங்குவதால், நாள்பட நின்ற வண்டி ஸ்டார்ட் ஆகும்போது ஒரு வாய் நீலப்புகை விட்டு அடங்கும். அதற்காக ரிங்கு மாற்ற ஓடாதீர்கள்.

நின்ற வண்டியை எழுப்புதல்

ஆர்வக்கோளாறில் முதலில் செல்ஃப் அடிப்பதுதான் வழக்கம். அதற்கு முன் பிரேக்கைப் பாருங்கள். ஓடாத எஞ்சினால் ஆபத்தில்லை, நிற்காத வண்டியால் உண்டு. வீல் சிலிண்டர் இறுகியிருக்கும், ஹோஸ் உள்ளுக்குள் வீங்கியிருக்கும், இரண்டையும் மாற்றிவிடுங்கள். பிறகு நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு ஒருநாள் விடுங்கள். படுத்த சிலிண்டரில் அது கீழேயே தேங்கும் என்பதால், மறுநாள் புல்லியைக் கையால் சிறிது சிறிதாக முன்னும் பின்னும் அசைத்துப் பரவவிட வேண்டும். இரண்டு முழுச் சுற்று தடங்கலில்லாமல் வந்த பிறகுதான் புது எண்ணெய், பேட்டரி, செல்ஃப். பிளக் இல்லாமலே செல்ஃப் அடித்து, ஆயில் விளக்கு அணையும்வரை பாருங்கள். பிளக்கைத் திரும்பப் போடும்போது அதன் தலையில் ஒரு ரப்பர் குழாய்த் துண்டை மாட்டி விரலால் முறுக்குங்கள். மரை தப்பி ஏறினால் குழாய் வழுக்கும்; ஸ்பேனர் வழுக்காது, ஹெட்டின் மரையை அறுத்துவிடும்.

பெட்ரோல் குழாய் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பழைய பீட்டில்கள் தீப்பிடிப்பதற்கு முதல் காரணம் வெடித்த ரப்பர் குழாய். இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. அந்தக் காலத்து ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. மொத்தக் குழாயையும் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 தரத்துக்கு மாற்றி, கிளிப் போடுங்கள். ஃபில்டரை டிஸ்ட்ரிபியூட்டருக்கு மேலே தொங்கவிடாதீர்கள், டேங்குக்கு அடியில் வையுங்கள். எத்தனால், காற்று-பெட்ரோல் கலவையை மெலிதாக்கும், மெலிந்த கலவை சூட்டைக் கூட்டும். பிளக்கின் முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தால் நல்லது. வெளுத்திருந்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் அளவை முடிவு செய்யும் மெயின் ஜெட்டை ஒரு படி, 127.5 இருந்தால் 130 என்று, ஏற்றிப் பாருங்கள். மாதக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் டேங்கைக் காலி செய்வது நல்லது; எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து அடியில் தண்ணீராகப் பிரியும்.

இக்னிஷன் சுலபம். பாயிண்ட் இடைவெளி 0.4 மி.மீ., பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7. 009 வகை டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் நிமிடத்துக்கு 3000 சுற்றுக்கு மேல் மொத்த அட்வான்ஸ் (பிஸ்டன் உச்சிக்கு வரும் முன்பே தீப்பொறி வரும் அளவு) 28 முதல் 32 டிகிரிக்குள் இருக்கட்டும்.

மாற்றம் செய்யும் ஆசை

பாயிண்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன், முன்னால் சொன்ன ஆயில் கூலர், வெளியே ஒரு ஆயில் ஃபில்டர், 6 வோல்ட் வண்டியை 12 வோல்ட் ஆக்குவது: இவை எல்லாம் பயன் தரும், தேவைப்பட்டால் பழையபடி மாற்றவும் முடியும். 85.5 மி.மீ. சிலிண்டருக்குப் பதில் 87 மி.மீ. செட் போட்டால் 1641 சிசி, கேஸைக் கடைய வேண்டியதில்லை என்று ஆசை காட்டுவார்கள். சுவர் மெலிந்துவிடும், சூட்டில் உருக்குலையும். நம் ஊர் வெயிலுக்கு அது தேவையில்லாத வேலை. 90.5 மி.மீ. செட்டின் சுவர் தடிமன். ஆனால் கேஸையும் ஹெட்டையும் கடைய நல்ல லேத் வேண்டும், கணக்கு தவறினால் கேஸ் போச்சு.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரத்தை மாற்றக் கூடாது. எஞ்சின் மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். 50 வயது கடந்த, பெரிய மாற்றம் செய்யாத காருக்கு 2021-லிருந்து விண்டேஜ் பதிவு உண்டு: கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், அன்றாட ஓட்டத்துக்கு ஆகாது. எனவே கழற்றிய ஒரிஜினல் பாகம் எதையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைக்கோ காயலான் கடைக்கோ போட்டுவிடாமல் பெயர் எழுதிக் கட்டி வையுங்கள்.

ஓட்டும்போது ஒன்று. இந்த எஞ்சினை டாப் கியரில் இழுவையாக விடக் கூடாது. எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் ஃபேனும் மெதுவாகச் சுற்றும். சுமை அதிகம், காற்று குறைவு. காரைக்குடியிலிருந்து திருச்சி போகும் சமவெளியில் தெரியாது. கொடைக்கானல் ஏறும்போது மூன்றாவதோ இரண்டாவதோ கியரில் எஞ்சின் உறுமட்டும், விட்டுவிடுங்கள். மேலே போய்ச் சேர்ந்ததும் உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஐடிலிங்கில் ஓடவிட்டு நிறுத்துங்கள்.